கேன்டீன் வாசலில் மெக்கானிக்

எங்கள் கப்பலில் யாரும் சாகக் கூடாது. எதுவும் வெடிக்கக் கூடாது. யாராவது ஆர்வக்கோளாறில் வேற்றுக்கிரகப் படையைக் கூட்டிவந்தால், அந்தப் பதிவை எடுத்துவிடச் சொல்வார் கேப்டன். பூமியை விட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கும் விண்கலம் அது. அதற்குள் துவைத்த துணி காணாமல் போவதும், ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்ற சண்டையும்தான் கதை. பதினோரு பேர் போனில் ஒரு குழுவாகச் சேர்ந்து எழுதுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம். சொந்தப் பெயர் கிடையாது, கப்பலில் என்ன வேலையோ அதுதான் பெயர்.

கேப்டன் அசோக் நகரில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். தோட்டக்காரருக்கு அடையாறில் பல் மருத்துவமனை. மாதம் ஒருமுறை லஸ் பக்கத்துப் பூங்காவில் கூடுவதால் இதெல்லாம் தெரியும். நான் கேன்டீன் மேடம். மயிலாப்பூரில் வீட்டிலிருந்தபடி பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் அதட்ட ஒரே ஆள்தான், அவரும் காதில் வாங்குவதில்லை. கப்பலில் பத்துப் பேர் கிடைத்தார்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி. ஒருவருடைய பாத்திரத்தை இன்னொருவர் அசைக்கக் கூடாது. அவர் முன்னால் டீ வைக்கலாம், அவர் குடித்தார் என்று எழுதக் கூடாது. என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், பதில் அவரே சொல்ல வேண்டும். விளையாட்டுத்தான், ஆனாலும் இதை மீறியவர்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்.

கூட்டத்துக்கு ஒருமுறைகூட வராதவர் மெக்கானிக். அவர் எழுத்தில் வரும் மெட்ராஸ் பேச்சைப் படித்துவிட்டு, சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஆள் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். மீசைகூடக் கொடுத்திருந்தேன். வாஷர், திருகு, பைப்பு என்று அத்தனை சரியாக எழுதுபவர் வேறு யாராக இருக்க முடியும்?

கேன்டீன் குழாய் ஒழுகுகிறது என்று ஒருநாள் எழுதினேன். உடனே கேப்டன் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். சுழலும் கப்பலில் சொட்டு நேர் கீழே விழாதாம், கொஞ்சம் விலகித்தான் விழுமாம். எனக்கு அது பிடித்துப்போய், வாளியை நாலு விரல்கடை தள்ளி வைத்தேன். மெக்கானிக் ஸ்பேனரோடு கேன்டீன் வாசலுக்கு வந்து நின்றார். ‘மீதி நாளைக்கு’ என்று போட்டார்.

அந்த நாளை வரவேயில்லை. ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன்: “மெக்கானிக் சார், வாசலுக்குத் தூணா நிக்கத்தான் வந்தீங்களா? ஒரு வாஷர் மாத்தத் துப்பில்லாதவர் இந்த வேலைக்கு ஏன் வரணும்?” அவர் படித்துவிட்டதாக போன் காட்டியது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு மாதம் போயிற்று.

முதலில் ரோஷக்காரர் என்று நினைத்தேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. முகம் தெரியாத ஒருவரை நாக்கால் விரட்டிவிட்டேனோ? தினம் அவர் இருக்கிறாரா என்று குழுவைத் திறந்து பார்ப்பேன். விலகவும் இல்லை, எழுதவும் இல்லை. என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “நம்மாத்துக் குழாயும்தான் சொட்டிண்டிருக்கு. அதுக்கு ஆளைக் கூப்பிடாம, ஆகாசத்துல ஒழுகறதுக்குக் கவலைப்படறியே” என்றார்.

கப்பலிலோ மெக்கானிக் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை அசைக்க முடியாது, அவரைச் சுற்றி எழுதலாம். தோட்டக்காரர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்தாரா என்று எழுத எங்களுக்கு உரிமையில்லை. நான் ஸ்டூலின் ஓரத்தில் டீ வைத்தேன். தினம் ஆறிய டீயை எடுத்துவிட்டுப் புது டீ வைப்பது என் வேலையாயிற்று. யாரோ ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்கள், அதற்குச் சண்டையே வரவில்லை.

மூன்றாம் மாதம் கேப்டன் ஒரு யோசனை சொன்னார். பக்கத்தில் வேறொரு கப்பல் வருகிறது, மெக்கானிக்கை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கதையை நகர்த்தலாம். பெரும்பாலோர் சரி என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அவர் வராததற்கு நான் திட்டியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அன்று அப்படி எழுதியது தப்பு. அவரை அனுப்பாதீர்கள். குழாய் ஒழுகட்டும், வாளி மாற்ற நான் இருக்கிறேன்” என்று எழுதினேன். கேப்டன் ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

அந்த மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும். தி. நகருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன், போன் ஒலித்தது. மெக்கானிக்!

‘மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். “இன்னா மேடம், டீ ஆறிப்போய்க் கீது? சூடா ஒண்ணு போடச் சொல்லு. கொயாய அப்பால பாக்கலாம்.”’

பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு வருவதாக மெக்கானிக் எழுதியிருந்தார். நான் அரை மணி முன்னதாகவே போய் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய மன்னிப்பை மனசுக்குள் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டிருந்தேன். என் வயதில் ஒரு பெண் வந்து எதிரே நின்றார். தலையில் சாம்பல் நிறத் துப்பட்டா, தோளில் துணிப்பை.

“கேன்டீன் மேடம்தானே? நான் மெக்கானிக்.”

என் மீசைக்காரர் அந்த நொடியே காணாமல் போனார். திருவல்லிக்கேணியில் அவர்கள் குடும்பத்துக்குக் குழாய்ச் சாமான் கடையாம். அவர்தான் கல்லாவில். “வாஷர் விக்கத் தெரியும் மேடம், மாட்டத் தெரியாது” என்று சிரித்தார்.

“அன்னிக்கு நான் எழுதினது…” என்று ஆரம்பித்தேன்.

“கோவம்தான். மூணு நாள் உங்க மேல செம கோவம்.” சிரிப்பு நின்றது. “எங்க அண்ணனுக்கு மூளைல ஆபரேஷன். கிட்டத்தட்ட நாலு மாசம் ஆஸ்பத்திரி. ஐசியூ வாசல்ல நிப்பேன், எப்ப கூப்பிடுவாங்கன்னே தெரியாது. எழுத வரல. ஆனா தினம் காலைல தொறந்து பாப்பேன், டீ மாத்திட்டீங்களான்னு. அங்க எனக்கு யாரும் ஸ்டூல் போடல மேடம்.”

அண்ணன் இப்போது வீட்டில் இருக்கிறார், மெதுவாக நடக்கிறார் என்றார். திருத்தி வைத்திருந்த மன்னிப்பை அப்படியே மறந்துபோனேன். அவர் இன்னும் நின்றுகொண்டேதான் பேசுகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். “முதல்ல உக்காருங்க” என்றேன்.

உட்கார்ந்தார்.