புதன்கிழமைப் பருப்பு

பிள்ளைகளே, அப்பா சமையல்காரன் என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தீர்கள். நான் திருத்தவில்லை. அது உண்மையாகத்தான் போகிறது என்று அப்போது நம்பியிருந்தேன்.

பிராங்பேர்ட்டில் ஒரு யூத முதியோர் இல்லத்தில் ஐந்து வருடமாகப் பாத்திரம் கழுவுகிறேன். இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது என்பது யூதர்களின் விதி; அதனால் அங்கே இறைச்சிக்கு ஒரு சமையலறை, பாலுக்கு ஒரு சமையலறை. கரண்டிகூட மாறக்கூடாது. மாறிவிடும் என்ற பயத்தில் பிளாஸ்டிக் தட்டுகளில் பரிமாறி, ஒவ்வொரு மத்தியானமும் பை பையாக எறிந்தார்கள். கொழுப்பு மிதக்கும் இறைச்சிச் சூப்பில் பாதி திரும்பி வரும். அதைக் கொட்டுவதும் என் வேலைதான். சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை வருத்தம்.

போன வருடம் நிர்வாகத்துக்கே அது பொறுக்கவில்லை. இனிக் கழுவும் தட்டு, குறைந்த உப்பு, கிழமையில் ஒருநாள் இறைச்சி இல்லை என்றார்கள். என்ன சமைக்கலாம் என்று எல்லோரையும் கேட்டபோது நான் பருப்பு என்றேன். கரட், தக்காளி, கொஞ்சம் சீரகம், கடைசியில் எலுமிச்சம்புளி. செய்து காட்டினேன். கிண்ணங்கள் வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பி வந்தன. அடுத்த புதன்கிழமை இல்லத்தை நடத்தும் யூதச் சபைக்காரர் வந்து ருசி பார்ப்பார்கள், அவர்களுக்குப் பிடித்தால் புதன்கிழமைச் சமையல் உன்னுடையது என்று நிர்வாகி அம்மா சொன்னார்.

அந்தச் சமையலறையில் அடுப்பை ஒரு யூதர்தான் பற்றவைக்க வேண்டும். அவர்களுடைய உணவு விதி அது. விதிகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர், மெலிந்த மனிதர், தினமும் ஏழு மணிக்கு வந்து ஒவ்வொரு அடுப்பாகக் குமிழைத் திருப்புவார். பிறகுதான் நாங்கள் பானையை ஏற்றுவோம். வேலைக்கு வந்ததற்கு அட்டை குத்துவதுபோல ஒரு சடங்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை அவர் வரும் எஸ்-பான் ரயில் வழியில் நின்றுவிட்டது. எட்டு மணி, ஒன்பது மணி, ஆளைக் காணவில்லை. பன்னிரண்டுக்குச் சாப்பாடு; பெரிய பானை கொதித்துப் பருப்பு வேக இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். ஒன்பதரைக்கு நானே பற்றவைத்தேன்.

கீரையை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்த்துக்கொண்டிருந்த, என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "தம்பி, நான் ஒண்டும் காணேல்லை. நீரும் வாயைத் திறக்காதையும்," என்றா.

பத்தரைக்கு மேற்பார்வையாளர் வியர்த்து ஓடி வந்தார். வந்ததும் பிந்தியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் ஆவியைக் கண்டார். யார் பற்றவைத்தது என்று கேட்டார்.

நாங்கள் இறைச்சி தொடாத தவக்கால வெள்ளியில் யாராவது தெரியாமல் எனக்கு இறைச்சி ஊட்டிவிட்டு, பிறகு மறைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? நான்தான் என்று சொன்னேன்.

அவர் கத்தவில்லை. அடுப்பை நிறுத்தினார். "சாப்பாட்டு மண்டபத்தில் நாற்பது யூதர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒருவரைக் கூப்பிட்டு இந்தக் குமிழைத் திருப்பச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

மண்டபம் பத்து அடி தூரம். கதவோரத்தில் இருந்த கிழவி சந்தோசமாக எழும்பி வந்திருப்பா. ஐந்து வருடம் பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை. குமிழைத் திருப்பும் அவர் கையைத்தான் தினமும் பார்த்தேன், காரணத்தை ஒருநாளும் கேட்கவில்லை.

நான் பற்றவைத்த அடுப்பில் வெந்ததை அவர்கள் சாப்பிடக்கூடாது; நாற்பது பேருக்கான பருப்பை நானே கொட்டினேன். இனி வேறு பானை கொதிக்க நேரமில்லை. சபைக்காரர் வந்தபோது மேசையில் குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், பிளாஸ்டிக் தட்டில்.

பருப்பு பிழைத்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து அதே பருப்பைத் தலைமைச் சமையல்காரி செய்தாள், சபைக்காரருக்குப் பிடித்தது. இப்போது ஒவ்வொரு புதனும் அவள்தான் செய்கிறாள், சீரகம் இல்லாமல். பானை கழுவ எனக்கு வரும். "உண்மை சொன்ன ஆளுக்குப் பரிசு வருது, பிடியும்," என்று அக்கா அதை என் பக்கம் தள்ளுவா.

உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று எழுத ஆசைதான். எனக்கு நடக்கவில்லை. அதற்காக நீங்கள் மறைக்கவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இனிக் கேட்டால், அப்பா பாத்திரம் கழுவுகிறார் என்று சொல்லுங்கள்.