வலிச்சா ஒரு நாள் கட்

ஜூன் 5. வாரம் இரண்டு நாள். 400.
ஜனவரி 8. வாரம் மூன்று நாள். 550.
ஜூன் 4. வாரம் நான்கு நாள். 700.
ஆகஸ்ட் 6. வாரம் மூன்று நாள். 550.
நவம்பர் 5. வாரம் நான்கு நாள். 700.
பிப்ரவரி 4. வாரம் ஐந்து நாள். 820.

ஒரு பெயிண்டர் தன் மகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குக் கட்டிய மாதக் கட்டணம் இது. தொகை மாறிய தேதிகளை மட்டும் கொடுத்திருக்கிறேன். ஆகஸ்டில் ஒரு நாள் குறைந்திருக்கிறது அல்லவா, வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பெயிண்டர் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பவர். பதினெட்டு வயதில் சாரம் ஏறியவர், தலை நரைத்தும் இறங்கவில்லை. ஏழாவது மாடி உயரத்தில், ஒரு காலைப் பலகையிலும் ஒரு காலைக் கம்பியிலும் வைத்துக்கொண்டு சாவகாசமாக டீ குடிப்பார். அதே ஆள், மகள் கட்டிலிலிருந்து குதித்தால் வெலவெலத்துப் போவார். ஒன்பது வயதுப் பெண். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து குதித்துக்கொண்டே இருந்ததால் வீட்டில் அவளுக்குத் தத்துக்கிளி என்று பெயர்.

பயிற்சிக்கூடத்தில் பெற்றோர் உட்கார ஒரு நீள பெஞ்சு உண்டு. மற்ற அப்பாக்கள் செல்போனில் படம் பிடிப்பார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மெத்தையில் இரண்டு பாதமும் சேர்ந்து விழும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவார்.

"படம் பாக்க வந்துட்டு கண்ண மூடிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பாள் மனைவி. அவள் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கூட்டத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய வாய்.

அந்த ஆகஸ்டில், பயிற்சி முடிந்து வந்த மகள் குதிகால் வலிக்கிறது என்றாள். இரண்டு நாளில் சரியாகப் போகிற வலிதான். பெயிண்டருக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. காலையில் சட்டம் போட்டுவிட்டார்.

"இதோ பாரும்மா. எங்கயாவது வலிக்குதுன்னா வாரத்துல ஒரு நாள் கட். மூணு மாசம் வலியே இல்லன்னா அந்த நாள் திரும்ப வரும். ஒடம்புதான் முக்கியம்."

"நல்லாருக்கே" என்றாள் மனைவி. "பாப்பா ஸ்டாப்பிங் கேக்கறதுக்கு முன்னாடியே விசிலடிச்சு இறக்கி விடறீங்க."

மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு விசாரணை. "எங்கயாவது வலிக்குதாம்மா?" "இல்லப்பா." மூன்று மாதம் இதே கேள்வி, இதே பதில். சட்டம் வேலை செய்கிறது என்று பெயிண்டருக்குப் பெருமை. போன நாள் திரும்ப வந்தது. பிப்ரவரியில் கோச் கூப்பிட்டு, போட்டிக் குழுவில் சேர்க்கலாம், ஐந்து நாள் வரவேண்டும் என்றாள். அப்பாவுக்கு மனசில்லை. ஆனாலும் ஒரு வலிகூட இல்லாத பிள்ளையை எதைச் சொல்லித் தடுப்பது? ஒப்புக்கொண்டார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் மகளும் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். மகள் ஒரு பையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதைக் கையில் பிடிக்கவில்லை. முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டாள்.

பெயிண்டருக்குத் தெருவே ஒரு நிமிஷம் சாய்ந்த மாதிரி இருந்தது. சாரத்தில் மணிக்கட்டு போனவன் பெயிண்ட் வாளியை அப்படித்தான் தூக்குவான். அங்கேயும் ஒரு சட்டம் உண்டு. வலிக்கிறது என்று சொன்னவனை மேஸ்திரி கீழே அனுப்பிவிடுவார், அன்றைய கூலி போச்சு. அதனால் ஒருத்தனும் சொல்ல மாட்டான். பெயிண்டரே இடது தோள்பட்டை இறங்கிப்போய், ஒரு வருஷமாக வலது கையால் மட்டுமே சுவரைத் தேய்த்து ஒப்பேற்றிக்கொண்டிருப்பவர். மேஸ்திரிக்கு இதுவரை தெரியாது.

"கையக் குடு."

"எதுக்குப்பா?"

"குடும்மா."

கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் மெதுவாக அழுத்தினார். அவள் அழவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த முகத்தைச் சாரத்தில் எத்தனையோ பேரிடம் அவர் பார்த்திருக்கிறார். ஒன்பது வயது முகத்தில் பார்த்ததில்லை.

"எப்பலேந்து?"

"அரைப் பரீட்சைக்கு முன்னாடிலேந்து."

"நான் தினம் கேட்டேனேடா, ஏன் சொல்லல?"

"சொன்னா ஒரு நாள் போயிடுமே. மூணாயிடும். அப்புறம் ரெண்டாயிடும். அப்புறம் ஒண்ணுமே இருக்காது" என்றவள், அவர் முகத்தைப் பார்த்து, "இப்ப எத்தனை நாள் கட்டுப்பா?" என்று கேட்டாள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குழந்தைகளின் எலும்பு நுனியில் இன்னும் கெட்டியாகாத ஒரு பகுதி உண்டு, எலும்பு வளர்வதே அங்கேதான், உடம்பின் எடை கையில் விழுந்து விழுந்து அது நைந்திருக்கிறது என்றார்.

"சரியாயிடுமா டாக்டர்?"

"பெரும்பாலும் சரியாயிடும். கொஞ்சம் பேருக்கு அந்த எலும்பு வளராம நின்னுடறதும் உண்டு. ஓய்வு குடுத்துப் பாப்போம். அப்பப்ப எக்ஸ்ரே எடுத்து, பெரிய டாக்டர் பாத்துட்டு உங்களுக்குக் கடிதம் போடுவாரு."

அந்தக் 'கொஞ்சம் பேர்' பெயிண்டரை விடவில்லை. சாரத்தில் நின்று வேலை செய்யும்போது எதிர் வீட்டு மாடியில் எந்தக் குழந்தை கையை நீட்டினாலும் இரண்டு கையும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். மகள் தூங்கும்போது இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்து அளந்து பார்ப்பார். மே மாத முடிவில் முதல் கடிதம் வந்தது: மாற்றம் இல்லை, ஓய்வு தொடரட்டும். ஜூலையில் இரண்டாவது: முன்னேற்றம் உண்டு, ஆனால் போதாது.

இரண்டாவது கடிதம் வந்த அன்று வெடித்தார். "போதும். ஜிம்னாஸ்டிக்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். நிறுத்திடலாம்."

மனைவி பணப்பையைக் கழற்றி மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நிறுத்துங்க. நாளைக்கு ஸ்கூல்ல விழுந்து அடிபட்டா சொல்லுவாளா? பெரியவளாகி வேற ஏதாவதுன்னா சொல்லுவாளா? அஞ்சு நாளா ரெண்டு நாளாங்கறது இல்லங்க விஷயம். வலின்னா நம்மகிட்ட வரணுமா, ஓடி ஒளியணுமா? அதச் சொல்லுங்க."

பெயிண்டர் மறுநாள் கோச்சைப் போய்ப் பார்த்தார். கை குணமானால் இவள் வாரத்துக்கு இரண்டே நாள் வருவாள் என்றார். வலிக்கிறது என்று சொன்னால் அந்த நாள் போகக் கூடாது. கை வலித்தால் கால் பயிற்சி, கால் வலித்தால் சும்மா உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்கட்டும். ஆனால் நாள் அவளுடையது.

"அப்போ போட்டிக் குழு இல்ல சார்" என்றாள் கோச்.

"தெரியும்மா."

அதை மகளிடம் சொன்னபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான்கு நாள் அப்பாவோடு பேச்சு இல்லை. ஆகஸ்ட் கடைசியில் மூன்றாவது எக்ஸ்ரே எடுத்தார்கள். கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், யாரும் கேட்காமலே நிமிர்ந்தாள்.

"அப்பா, எழுதறப்போ கொஞ்சம் வலிக்குது."

பெயிண்டருக்கு நிறுத்து, கூடாது, வேண்டாம் என்று ஆயிரம் வார்த்தை தொண்டை வரை வந்தன. அவற்றை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எங்கம்மா? காட்டு."

அவள் காட்டினாள். பழைய இடம் இல்லை, பென்சிலை இறுக்கிப் பிடித்த விரல். அப்படியும் அவருக்குத் தூக்கம் வரப் பாதி ராத்திரி ஆயிற்று.

மூன்றாவது கடிதம்தான் கடைசி. எலும்பு நன்றாக வளர்கிறது, முதல் மாதம் கையில் எடை விழாமல் பயிற்சியைத் தொடங்கலாம், இனி மருத்துவமனைக்கு வரத் தேவையில்லை என்று எழுதியிருந்தது. பெயிண்டர் அதை நாலு தரம் படித்தார். பிறகு மனைவியிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கடிதம் வந்து சேர்ந்த தேதி செப்டம்பர் 19.