காதுமடலில் மட்டும் சூடு

கயோ இத்தனை வருடமும் வரைந்ததெல்லாம் அடுத்தவர் காதலுக்குப் பின்னால் நிற்கும் கட்டடங்கள்தான். காதலர்களை, மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் மிசோகுச்சி வரைவார்; கயோவுக்கு அவர் ‘சென்செய்’, அதாவது ஆசான். ஜன்னல், மின்கம்பம், ரயில் நிலையம் எல்லாம் உதவியாளர் கயோவின் பாடு.

தொடர் வெளியாகும் பத்திரிகை முழுக்கக் கறுப்பு வெள்ளை. வண்ணப் பக்கம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். இந்த மாதம், நாயகன் காதலைச் சொல்லும் காட்சிக்கே கிடைத்தது. சென்செய்க்கோ மணிக்கட்டு வீக்கம். கயோவிடமே கொடுத்துவிட்டார். நன்றாக வந்தால் அடுத்த தொடரின் வண்ணமும் அவளுக்குத்தான் என்றார்.

பனிக்காலம். விரல் விறைக்காமலிருக்க, கயோ படத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொதாத்சுவில் உட்கார்ந்தாள். மேசைக்கடியில் கணப்பு, மடிமேல் கனத்த போர்வை, தலைக்கு மேல் மஞ்சள் பல்பு, கைக்கெட்டும் தூரத்தில் கமலாப்பழம். பூசப்பூச ரயில் நிலைய வாசலில் அந்தி பொன்னாக இறங்கியது.

காலையில் ஸ்டூடியோ ஜன்னலருகே பிரித்தால், பொன்னைக் காணோம். வானம் சாம்பல் நீலம். காதலர் முகத்தில் ரத்தமில்லை. பாதி மஞ்சளைப் பல்புதான் பூசியிருந்தது.

சென்செய் எட்டிப் பார்த்தார். “யாரு செத்துட்டா?”

“கொதாத்சுல உக்காந்து பூசுனேன், சென்செய்.”

“அப்ப படிக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் உன் பல்பையும் சேத்து அனுப்பணும்.”

மதியம் பத்திரிகை ஆசிரியர் தனபே வாங்கிப்போக வருவார். புதிதாக வரைய நேரமில்லை. நீலத்தின்மேல் மஞ்சளை ஊற்றினால் சேறாகிவிடும். கயோ படத்தையே வெறித்தாள். காதலர்களுக்குப் பக்கத்தில் பானம் விற்கும் இயந்திரம்; நாயகி கையில் அதில் வாங்கிய சூடான சோள சூப்.

குளிரை அப்படியே விட்டாள். இயந்திர வெளிச்சம் படக்கூடிய இடங்களில் மட்டும் ஈரத் தூரிகையால் நீலத்தை ஒற்றியெடுத்தாள். நாயகியின் விரல்நுனி, நாயகனின் காதுமடல். அங்கே கமலாப்பழ நிறத்தைத் தொட்டு வைத்தாள். சுற்றியிருந்த நீலம் முழுக்க அந்தக் காதுக்காகவே காத்திருந்தது போலிருந்தது.

தனபே வந்து, வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்பக் குளிருது” என்றார்.

கயோ மறுபடி ஈரத் தூரிகையை எடுத்தாள்.

“அந்த சூப்பு நம்ம கையில இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்” என்றபடி, படத்திலிருந்த நாயகனின் காதைப் பார்த்துத் தானும் சிவந்து, படத்தை உறையில் போட்டார்.

சென்செய் வண்ணப் பெட்டியைக் கயோ பக்கம் தள்ளினார். “அடுத்த தொடர் கோடைக்காலக் கதை, கயோ. பல்ப வீட்லயே விட்டுட்டு வா.”