மருதேவி அம்மாவுக்கு ஓர் இலை

போன சனிக்கிழமை ஒரு பெண்மணியைப் பட்டினி போடப் பார்த்தேன். கையில் மைக்கை வைத்துக்கொண்டு... இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே!

சத்தியமாக, வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆறு கல்லூரி மாணவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். விஷுவல் கம்யூனிகேஷன், கடைசி வருஷம். பிராஜக்டுக்கு ஒரு நாடகம் போட வேண்டுமாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஸ்க்ரிப்ட் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அவர்களுக்குக் காபி கலக்கும்போதே மனசுக்குள் முதல் காட்சியை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

"ஸ்க்ரிப்டுலாம் வேணாம் மேம்," என்றான் கோகுல். அவன்தான் டைரக்டர். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற வீட்டுப் பையன். "ஒரு எடத்துக்குப் போவோம். அங்கயே உக்காந்துக்கினு, அங்க என்னா இருக்குதோ அத வச்சே நாடகத்த உருவாக்குவோம். செட்டு கெடையாது, ஸ்டேஜு கெடையாது. எடம்தான் மேம் எல்லாமே."

"அப்போ நான் எதுக்குப்பா?"

"நீங்க சீஃப் கெஸ்ட் மேம்."

எழுதுகிறவளை எழுதவிடாமல் உட்கார வைக்க இதைவிட மரியாதையான வழி உண்டா?

அவர்கள் பிடித்த இடம், குழுவில் இருந்த சன்மதி என்ற பெண்ணின் வீடு. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கிறது — என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். சமணக் குடும்பம். நெல்லும் வேர்க்கடலையும் பயிர் செய்கிறவர்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், பின்னால் மாட்டுக்கொட்டகை.

ஒத்திகை பார்க்க ஒருநாள் போனேன். ஒத்திகை என்று நான்தான் சொல்கிறேன். அங்கே ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு சமையலறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பையன் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, எது எப்படிக் கிறீச்சிடுகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். இதற்கெல்லாம் மார்க்கா! 'எங்கள் காலத்தில்...' என்று ஆரம்பித்து, நல்ல வேளையாக நானே நிறுத்திக்கொண்டேன்.

பிறகு கோகுல் ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினான். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

சன்மதியின் அப்பா யோசிக்கவே இல்லை. வாசலைப் பார்த்த மர நாற்காலி. தம்பிக்கு டிவிக்கு நேர் எதிரே. சன்மதிக்கு ஜன்னலோரம், சார்ஜர் எட்டுகிற இடம். அடுத்தது அவள் அம்மா, மருதேவி. சாக்பீஸை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நாலடி நடந்தார். திரும்பினார். சமையலறைக்குள் போனார். வெளியே வந்தார்.

"எங்கன்னுபா போடறது? நான் நின்னுக்கினேதான இருக்கறேன்," என்று சிரித்தார். சாக்பீஸைக் கோகுல் கையிலேயே கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சன்மதி தரையில் இருந்த மூன்று கட்டங்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள். "இருவது வருஷமா இதே வீட்லதான் மேம் இருக்கறேன்," என்றாள் என்னிடம்.

அன்றைக்கே நாடகத்தின் கடைசிக் காட்சி கிடைத்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் அறை அறையாக நடந்து, கடைசியில் முற்றத்துக்கு வருவார்கள். நடுவில் மருதேவி அம்மாவுக்கு ஓர் இலை போட்டிருக்கும். அவர் சமைத்ததை வந்தவர்கள் அவருக்குப் பரிமாற வேண்டும். அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வசனமே கிடையாது. மகளுக்காக அவரும் சம்மதித்துவிட்டார்.

ஆனால், ஆறு பேர் சேர்ந்து உருவாக்கும் நாடகத்தில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு காட்சியும் ஒருவர் பெற்ற பிள்ளை. வெட்ட யாருக்கு மனசு வரும்? இருபத்தைந்து நிமிட நாடகம் வளர்ந்து வளர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. கோகுலே, நெல்மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் தான் தனியாகப் பேச ஒன்பது நிமிடக் காட்சி ஒன்றை வைத்துக்கொண்டான். அதைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் முறைப்பான்.

சனிக்கிழமை வந்தது. நாலு மணி என்று அழைப்பு. மார்க் போடச் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர், வாலாஜாபாத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நாலரைக்கு வந்து சேர்ந்தார். அப்புறம் பொன்னாடை. அப்புறம் — "இப்போது நமது சீஃப் கெஸ்ட் ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

ரெண்டு வார்த்தை! தமிழ்நாட்டில் இதை நம்புகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருபத்தைந்து நிமிடம் பேசினேன். அந்த ஊர்ச் சமணக் கோயிலின் கூரை ஓவியங்கள், காஞ்சியின் பெருமை, கல்லூரி நாடகத்தில் நான் ஈட்டி பிடித்து நின்ற கதை... கோகுல் ஓரமாக நின்று விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினான். 'இன்னும் பேசுங்கள்' என்கிறான் போலிருக்கிறது என்று கூடுதலாக ஒரு கதை சொன்னேன். சன்மதி அடிக்கடி முற்றத்துக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். பெண் உருகிப்போயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். மைக் பிடித்தவர் கண்ணுக்கு எல்லோரும் உருகித்தான் தெரிவார்கள்.

ஐந்து மணிக்கு நாடகம் ஆரம்பமானது. முதல் காட்சி வாசலில். அது முடிந்து எல்லோரும் உள்ளே நகர்ந்தபோது, சமையலறைக் கதவோரம் மருதேவி அம்மா நின்றிருந்தார். சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"என்னம்மா, சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. இன்னைக்கு எனக்கு விரதம், ஒருவேளைதான். நாடகத்துல உக்காந்து சாப்புடறதுதான் சோறு," என்றார் மெல்லிய குரலில். "பொழுது எறங்கறதுக்குள்ள எலய போட்டுட்டாங்கன்னா நல்லது."

"இறங்கிட்டா?"

"எறங்கிட்டா எங்களுக்கு சாப்பாடு கெடையாதும்மா. பச்சத் தண்ணி கூட கெடையாது. நாளைக்கு காலைலதான்."

காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் இருபது பேருக்குச் சமைத்த மனுஷி, இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். "அதுக்கின்னா, ஒரு நாளுதான? புள்ளைங்க நல்லா பண்ணா போதும்."

போனைப் பார்த்தேன். மணி ஐந்து பத்து. அஸ்தமனம் ஐந்து நாற்பத்தெட்டு. நாடகம் முடிய எப்படியும் ஆறேகால் ஆகும்!

நான் காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் அந்தக் கோயிலுக்கு அழைத்துப்போய், கூரை ஓவியங்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன். கோயிலைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. நம்மில் பலருக்கு ஊரைத் தெரியும். ஊரில் இருப்பவர்களைத்தான் தெரியாது. வெட்கமாக இருந்தது.

சன்மதியைத் தூண் மறைவுக்கு இழுத்தேன். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன் மேம். எங்க வீட்ல பொழுதோடதான் சாப்பாடு. நாங்கள்லாம் மூணு மணிக்கே சாப்டாச்சு. அம்மாதான்..."

"நான்தான் கைய காட்னேனே மேம்!" என்றான் பின்னாலேயே வந்த கோகுல்.

"நாடகத்தை நிறுத்துங்க. முதல்ல அவங்களைச் சாப்பிட வைங்க."

சன்மதி தலையை ஆட்டினாள். "நிறுத்துனா அம்மா சாப்புட மாட்டாங்க மேம். வந்தவங்களுக்கு மொதல்ல போடணும்னு கரண்டிய எடுத்துக்கினு நிப்பாங்க. கடைசி சீன்ல மட்டும்தான் உக்காறேன்னு ஒத்துக்கினாங்க."

ஆக, அந்த அம்மா சாப்பிட வேண்டுமானால் நாடகம் கடைசிக் காட்சிக்குப் போயே ஆக வேண்டும். அதுவும் கால் மணி நேரத்துக்குள். கோகுல் விறுவிறுவென்று நெல்மூட்டை அறைப் பக்கம் நடந்துவிட்டான். 'சரிதான், தன் காட்சியைப் பிடித்துக்கொண்டு தொங்கப் போகிறான்' என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டாவது காட்சி முடிந்து, சன்மதி எங்களை அந்த அறைக்கு அழைத்துப் போனாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள்.

ஒன்பது நிமிடம் பேச வேண்டியவன், உள்ளே இருட்டில் மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டிருந்தான். மூன்று வாரமாகப் பாடம் பண்ணிய வசனம் அது. சற்றுமுன் அவனை நினைத்து ஆத்திரப்பட்ட என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சன்மதிக்குப் புரிந்துவிட்டது. திரும்பி நடந்தாள். இருபது பேரும் அவள் பின்னால் போனோம். டைரக்டரே தன் காட்சியை வெட்டிக்கொண்ட பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மாட்டுக்கொட்டகையில் பாட வேண்டிய பெண் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையன், எங்களுக்கு முன்னால் முற்றத்துக்கு ஓடி இலையைப் போட்டான். மணி ஐந்து இருபத்தைந்து.

மருதேவி அம்மா வந்தார். இலையைப் பார்த்தார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"இத்தினி பேரு வந்துக்கிறாங்க. மெட்ராசுலேர்ந்து சாரு வந்துக்கிறாரு. அவங்கள நிக்க வச்சிட்டு நான் உக்காந்து தின்றதா? மொதல்ல நீங்க உக்காருங்கம்மா."

ஒத்திகையில் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வேற்று முகங்களுக்கு முன்னால் அவரால் முடியவில்லை. பேராசிரியர், "பரவாயில்லம்மா, உட்காருங்க," என்றார். "ஐயோ, நீங்க வேற சார்!" என்று இன்னும் இரண்டடி பின்னால் போனார். முற்றத்துச் சுவரில் இருந்த வெயில் மேலே ஏறி ஓட்டுக்கூரையைத் தொட்டுவிட்டது. "அம்மா... ப்ளீஸ்மா," என்றாள் சன்மதி. அவர் அசையவில்லை.

அப்போதுதான் நெல்மூட்டை அறையிலிருந்து கோகுல் வந்தான். தலையெல்லாம் நெல் தூசி. நேரே போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டான்.

"ஆன்ட்டி! நீங்க உக்காரலன்னா நாடகம் முடியாது. நாடகம் முடியலன்னா எங்க ஆறு பேருக்கும் மார்க்கு கெடையாது. பாருங்க, சாரு பேனாவ வச்சிக்கினு நிக்கறாரு!"

பேராசிரியர் நல்ல மனிதர். பையிலிருந்த பேனாவை அவசரமாக எடுத்துத் திறந்து, உயர்த்திக் காட்டினார்.

"மார்க்கு போயிடுமாப்பா?"

"மொத்தமா போயிடும் ஆன்ட்டி."

அடுத்த நொடி மருதேவி அம்மா இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்! தனக்குப் பசிக்கிறது என்று மடங்காத கால், பிள்ளைகளின் மார்க்குக்காக மடங்கிவிட்டது.

ஆளுக்கு ஒரு கரண்டியாகப் பரிமாறினோம். என் பங்கு பூசணிக்காய்ச் சாம்பார். அவசரத்தில் பாதியை வாழைக்காய் மேல் ஊற்றிவிட்டேன். பேராசிரியர் பாயசத்தைச் சாதத்துக்கு முன்பே வைத்துவிட்டார். முதல் இரண்டு கவளம் வரைக்கும் அவருக்குக் கூச்சம் இருந்தது. அப்புறம் எங்களை மறந்துவிட்டார். நன்றாகப் பசித்தவர் சாப்பிடுவதைப் போல, நிதானமாக, வழித்துச் சாப்பிட்டார். "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துபா," என்று அவரே கேட்டபோது சன்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மோர்சாதம் முடிந்து, தண்ணீர் குடித்து, இலையை மடித்தபோது மணி பார்த்தேன். ஐந்து நாற்பத்தொன்று. இன்னும் ஏழு நிமிடம் பாக்கி. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. எனக்குக் கிடைத்த எந்தக் கைதட்டலுக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அப்புறம் எங்களுக்கும் இலை விழுந்தது. சாப்பிட்டபடியே பேராசிரியர் விமர்சனம் சொன்னார். "அந்தத் தாழ்ப்பாள் போட்ட கதவு... அடடா, என்ன துணிச்சலான குறியீடு! கடைசிவரை நமக்குத் திறக்கவே இல்லையே!"

"தேங்க்ஸ் சார்," என்றான் கோகுல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். வெட்டியெறிந்ததற்கும் பாராட்டு கிடைக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. இருபத்தைந்து நிமிடத்தில் இருபதைப் பேசாமல் விட்டிருந்தால் எனக்கும் கிடைத்திருக்குமோ என்னவோ.

கிளம்பும்போது மருதேவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிடுங்கம்மா. எல்லாம் என்னாலதான்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றார். அவர் கவனம் என்னிடம் இல்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்மா, இது இன்னைக்கு ஒரு நாளுதானா? நாளைக்கும் இருக்குதா?"

நாடகத்தைத்தான் கேட்கிறார் என்று மற்ற ஐந்து பேரும் கொல்லென்று சிரித்தார்கள். சன்மதி சிரிக்கவில்லை.

"இருக்குதும்மா," என்றாள். "தெனமும் இருக்குது."

அவளுக்குப் பரீட்சை இனிமேல்தான்.