செம்போடு வந்த தூசி

ரோசலின் அக்கா இறந்துவிட்ட செய்தியைச் சோதனைக்கூட வாசலில் வைத்து மேலாளர்தான் சொன்னார். "பாவம், பலவீனமான உடம்பு" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பொய்க்குப் பதில் சொல்லத்தான், அக்காவை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அக்கா ராயபுரத்துப் பெண், நிலவியல் படித்தவர். கப்பலில் வரும் செம்புத் தாதுக் கற்களைத் திருவொற்றியூரில் நாங்கள் இருவரும் இன்னும் சிலரும் பொடித்துச் சோதித்தோம். வெளித்தூசி மாதிரிப் பொடியில் கலந்துவிடுமாம்; ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். சுதந்திரம் வந்து, வெள்ளைக்காரர் இருந்த மேலாளர் நாற்காலியில் ஆள் மாறினார். பலகை மாறவில்லை.

ஒருநாள் தாது வாங்க வந்த வியாபாரிகள், கல்லுக்குள் செம்பு எப்படி வந்தது என்று கேட்டார்கள். அக்கா விளக்கினார்: "பூமிக்கடியில உருகின பாறை மேல வர முடியாம நின்னு குளிருது. அதுலேர்ந்து பிரியிற கொதிநீர், பாறையைப் பொடிப்பொடி விரிசலா உடைச்சிக்கிட்டு ஏறுது. சூடு தணியும்போது சுமந்து வந்த செம்பை அந்த விரிசல்கள்ல விட்டுடுது. அதனாலதான் போர்ஃபிரிங்கிற இந்த வகைச் செம்பு ஒரே இடத்துல திரளாம, மலை முழுக்கப் பொட்டுப்பொட்டா கிடக்குது."

வியாபாரிகள் தலையாட்டினார்கள். அக்கா நிறுத்தவில்லை. "அதே தண்ணி குவார்ட்ஸ்ங்கிற படிகக்கல்லையும் விட்டுட்டுப் போகுது. செம்பு உங்களுக்கு. படிகத் தூள் எங்க நெஞ்சுக்கு. ஜன்னலைத் தொறக்கச் சொல்லுங்க."

அவர்கள் சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும், இனி ஜன்னல் பேச்சே கூடாது என்றார் மேலாளர். அக்கா சுத்தியலை எடுத்துப் பலகையைப் பெயர்த்தெறிந்தார். காவலாளி ஓடிவந்தார்.

"இன்னாம்மா பண்ற?"

"மூச்சு வுட்டுகினு கீறேன், நைனா."

அன்று மாலையே அக்காவின் வேலை போயிற்று. மறுநாள் பலகை திரும்ப ஏறியது.

சில மாதங்களில் படுக்கையில் விழுந்த அக்காவின் நுரையீரலில் கல்தூள் படிந்துவிட்டது என்றார் மருத்துவர். ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனேன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஜன்னலு தொறந்தாங்களா?"

"இல்லக்கா."

"அப்பால இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற? பழம் யாருக்கு வோணும்? போய்க் கேளு!"

நேற்று இரங்கல் கூட்டத்தில் மேலாளர் மீண்டும் 'பலவீனமான உடம்பு' என்று தொடங்கியபோது எழுந்து, ஜன்னலை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன். அவர் கூட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார். கல் பொடிப்பவர்கள் இன்று யாரும் அந்த அறைக்குள் நுழையவில்லை, வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம் ஒன்றுதான். அதை ஆறவிடப் போவதில்லை.