தொப்பியைக் கழற்றி நின்ற படம்

என் கணவரைப் பொலிஸ் பிடித்த படத்தை நான்தான் கடைசியாகப் பார்த்தேன். எங்கள் தெரு முழுவதும் பார்த்து, பெருமூச்சு விட்டு, அடுத்தவருக்கு அனுப்பி முடித்த பிறகுதான் அது எனக்கு வந்து சேர்ந்தது. நான் முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ராத்தா, எனக்கு அக்கா மாதிரியானவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, போன் பார்த்தேனா என்று கேட்டார். அவர் குரலில் இருந்த கவலையை நம்பினேன். எங்கள் பெண்கள் குரூப்பில் அந்தப் படத்தை முதலில் போட்டவரே அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அவர் எனக்கு ஸலாம் சொல்கிறார். நானும் பதில் சொல்கிறேன். அது கடமை, வேறொன்றுமில்லை.

படம் கற்பிட்டி வீதிச் சோதனைச் சாவடியில் எடுத்தது. பின்னால் இவருடைய சின்ன லொறி நின்றது. முன்னால் ஒரு கருவாட்டுச் சாக்கை வாய் அவிழ்த்து, உள்ளே இருந்த, இந்தியாவிலிருந்து கடத்தி வந்த பீடி இலைக் கட்டுகளை வெளியே அடுக்கியிருந்தார்கள். நடுவில் இவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலைமயிரை ஒதுக்கி, இரண்டு காதும் தெரிய, கமராவை நேராகப் பார்த்தபடி நின்றார். கீழே ஒருவன் எழுதியிருந்தான், வெட்கமில்லாமல் மாப்பிள்ளை போல நிற்கிறான் பாருங்கள் என்று. இன்னொருவன், இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்ததற்கு இதுதான் கைம்மாறா என்று கேட்டிருந்தான்.

இவர் ஏன் அப்படி நின்றார் என்பது பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் அடையாள அட்டைக்கு எடுப்பது, இல்லாவிட்டால் பாஸ்போட்டுக்கு எடுப்பது. ஸ்டூடியோக்காரர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: தொப்பியைக் கழற்றுங்கள், காது தெரியட்டும், நேராகப் பாருங்கள். சாவடியில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்ததும், ஏதோ பொலிஸ் பதிவுக்கு என்று நினைத்து இவர் ஒழுங்காக நின்றிருக்கிறார். முகத்தை மூடத் தெரிந்தவன் மூடியிருப்பான். குனியத் தெரிந்தவன் குனிந்திருப்பான். அந்தப் பழக்கமெல்லாம் இவருக்கு எங்கே இருந்தது?

அந்தச் சாக்கு எப்படி லொறிக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இவர் கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்குக் கருவாடு ஏற்றுகிறவர். அந்த வீதியில் லொறி ஓட்டுகிற எல்லாரையும் யாராவது கை காட்டி நிறுத்துவார்கள். ஒரு சாக்கு வெங்காயம், ஒரு பெட்டி மீன், மகள் வீட்டுக்கு ஒரு பை தேங்காய். சந்தியில் ஆள் நிற்கும், கொடுத்துவிடுங்கள் என்பார்கள். கொடுத்துவிடுவார்கள். உள்ளே என்ன என்று எந்த டிரைவரும் கேட்பதில்லை. கேட்டால், என்னைக் கள்ளன் என்கிறாயா என்று முகம் சுருங்கிப் போகும்.

இவர் கேட்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது இவர் சின்னப் பிள்ளை. வழியில் ஆயுதத்தோடு நின்றவர்கள் இவருடைய உம்மாவின் பையை மண்ணில் கொட்டிக் கிளறியிருக்கிறார்கள். உள்ளாடை வரைக்கும் எடுத்து உதறியிருக்கிறார்கள். உம்மா அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார் என்று இவர் கல்யாணமான புதிதில் ஒரு முறை சொன்னார், பிறகு சொல்லவே இல்லை. அடுத்தவர் மூட்டையில் கை வைக்காத மனிதர் இவர். அந்த நல்ல குணத்தைத்தான் பீடி இலைக்காரன் ஒருவன் பயன்படுத்திக்கொண்டான். எங்கள் ஊர்த் தில்லையடிச் சந்தியில் வாங்க நிற்பதாகச் சொன்ன ஆளை இன்றுவரை யாரும் காணவில்லை.

பிணையில் வந்தார். பல மாதம் நீதிமன்றத்துக்கு அலைந்தார். கடைசியில் இவருக்கும் அந்தச் சாக்குக்கும் தொடர்பில்லை என்று விட்டுவிட்டார்கள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, அன்றைக்கு நெய்ச்சோறு ஆக்கினேன். இனி லொறி ஓடும் என்று நினைத்தேன். என்ன புத்தி எனக்கு.

லொறி ஓடவில்லை. கருவாட்டு முதலாளிமார் யாரும் ஏற்ற விடவில்லை. இவர் நல்ல மனிதர்தான், ஆனால் லொறியைப் பார்த்ததும் சாவடியில் மறிப்பார்கள், எங்கள் சரக்குத் தாமதமாகும் என்றார்கள். எல்லாருடைய போனிலும் அந்தப் படம் இருந்தது. விடுதலை யாருடைய போனிலும் இல்லை.

அதைத் தேடித்தான் நான் மகளின் போனோடு உட்கார்ந்தேன். இவருடைய பெயரைத் தமிழில் அடித்தேன், மகளைச் சிங்களத்தில் அடிக்கச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. கற்பிட்டி, பீடி இலை என்று அடித்ததும் வந்தது பாருங்கள், ஆண்கள் வரிசையாக. கடத்தல் மஞ்சள் மூட்டைக்குப் பின்னால் குந்தியிருக்கிறவர்கள், படகில் கை கட்டி நிற்கிறவர்கள், கஞ்சாப் பொதிக்குப் பக்கத்தில் தலை குனிந்தவர்கள். சிலருடைய முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். சிலருடையதை அப்படியே விட்டிருந்தார்கள். யாருக்கு மங்கல், யாருக்கு வெளிச்சம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? மங்கலான முகங்களுக்குக் கீழே 'பிரபல வர்த்தகர்' என்று இருந்ததைப் பார்த்த பிறகு நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். இத்தனை பேரில் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள் என்று எந்தச் செய்திப் பக்கமும் சொல்லவில்லை. சட்டத்தரணியிடம் கேட்டேன். விடுவித்த கட்டளை நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது, வேண்டுமானால் பிரதி எடுக்கலாம் என்றார். அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு நான் வீடு வீடாகப் போவதா?

பொலிஸிலும் கேட்டேன். அந்தப் படத்தைத் தாங்கள் வெளியே விடவில்லை, படத்தைப் போட்ட இணையச் செய்திப் பக்கக்காரர்களிடம் போய்க் கேளுங்கள் என்றார்கள். செய்திப் பக்கம் என்றதும் நான் ஏதோ கொழும்பில் பெரிய கட்டடம் என்று நினைத்திருந்தேன். ஆள் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தார். அவருடைய மனைவி என்னோடு படித்தவள். அவள் பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் வைத்தாள். அவர் போனைப் பார்த்தபடியே என் கதையைக் கேட்டார்.

படத்தை எடுத்துவிடுங்கள், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றேன். தான் எடுத்தாலும் மற்றவர்கள் பகிர்ந்தது போகாது, அதைவிட விடுதலையானதைப் புதிதாகப் போடுவதுதான் நல்லது என்றார். அதற்கு இவரை வரச் சொல்லி, கட்டளைப் பிரதியைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுக்க வேண்டுமாம். இன்னொரு தரம் இவரைக் கமராவுக்கு முன்னால் நிறுத்த மாட்டேன், போடுவதானால் படமில்லாமல் போடுங்கள் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "படம் இல்லாட்டி ஆரும் பாக்க மாட்டாங்க ராத்தா."

"பாக்காட்டிப் பரவாயில்ல. படம் வாணாம்," என்றேன்.

சரி என்று தலையாட்டினார். பழைய பதிவை என் கண் முன்னாலேயே அழித்தார். நான் அவருக்காக துஆ செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் முதல் கோல் கற்பிட்டியிலிருந்து வந்தது. இவரோடு அதிக காலம் வேலை செய்த கருவாட்டு முதலாளி, வயதானவர், சில நாளுக்கு முன்தான் மனம் இரங்கி அடுத்த வாரத்திலிருந்து ஏற்ற வரச் சொல்லியிருந்தார். அந்த ஒருவரை நம்பித்தான் இவர் லொறிக்கு டயர் மாற்றி, கழுவி வைத்திருந்தார். இவர் ஆசையோடு போனை எடுத்தார். முதலாளியின் சத்தம் எனக்கும் கேட்டது.

"என்ன தம்பி, திரும்பவும் புடிச்சிட்டாங்களாமே? நான் உங்கள நம்பினேனே."

மகளின் போனை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கக்காரர் புதிதாகப் போட்டிருந்தார். அதே படம். அதே சாக்கு, அதே தொப்பி. மேலே பெரிய எழுத்தில், 'பீடி இலையுடன் கைதான தில்லையடி நபர்' என்று இருந்தது. 'மேலும் வாசிக்க' என்ற இடத்தைத் தொட்டு உள்ளே போனால்தான், அதுவும் கடைசி வரியில், நீதிமன்றம் விடுவித்தது என்று வந்தது. எங்கள் சனம் எப்போது கடைசி வரி வரைக்கும் போயிருக்கிறது? பக்கத்து வீட்டு ராத்தா அதற்குள் அதைக் குரூப்பில் போட்டு, 'இவர் திருந்தவே மாட்டாரா' என்று கேட்டிருந்தார்.

நான் இவருடைய போனைப் பறித்து முதலாளிக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தனக்கு விளங்குகிறது, ஆனால் சனம் அப்படித்தானே பார்க்கும் மகளே என்றார். அடுத்த வாரம் வேறொரு லொறி ஏற்றியது. பக்கக்காரரிடம் போய் வாசலில் நின்றே பேசினேன். நல்ல செய்திதானே போட்டேன், முந்தியதைவிட அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டினார். இவ்வளவு ஆத்திரம் எனக்குள் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் மனைவி உள்ளே இருந்து வரவே இல்லை.

அந்தப் பதிவையும் அழித்தார். யாருக்குப் பிரயோசனம்?

போன மாதம் இவருடைய லைசன் முடிந்தது. லைசன் இருந்தால் பஸ்ஸாவது ஓட்டலாம், வேறு ஊருக்குப் போயாவது ஓட்டலாம் என்று சொல்லிச் சொல்லி, அதைப் புதுப்பிக்க நானே கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நின்று, உள்ளே போய், கமராவுக்கு முன்னால் போட்டிருந்த கதிரையில் இவர் உட்கார்ந்தார். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் சிங்களத்தில் சொன்னாள்: தொப்பியைக் கழற்றுங்கள் ஐயா, நேராகப் பாருங்கள்.

இவர் தொப்பியைக் கழற்றினார். தலைமயிரை ஒதுக்கக் கையைத் தூக்கினார். கை அப்படியே தலையில் நின்றது. பிறகு எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, என்னையும் பார்க்காமல் வெளியே நடந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் இவருக்குப் பின்னால் ஓடினேன்.

பஸ்ஸில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் முடிந்திருக்குமே என்று கேட்க நினைத்தேன். பாலாவிச் சந்தி வரைக்கும் இவர் வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான் அண்டைக்குக் குனிஞ்சி நிண்டிருக்கணும். என்ன?"

இன்றைக்கும் முற்றத்தில் கழுவிவைத்த லொறி அப்படியே நிற்கிறது.