எழுந்து நிற்கக் கேட்ட வரம்

1982 ஐப்பசியில் என் மனைவி சரஸ்வதி மாட்டுக் கொட்டகையில் விழுந்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் விழவில்லை. கழனித்தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தாள். அவ்வளவுதான். வாளியும் கவிழவில்லை. ஆனால் அவளால் நிமிர முடியவில்லை.

"ஏனுங்க, முதுகுக்குள்ள என்னமோ நொறுங்கிப்போச்சுங்க" என்றாள். கத்தக்கூட இல்லை.

எங்கள் தோட்டம் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். விவசாயம் போக, ஒரு நாளிதழுக்கு மழை, விபத்து, திருவிழாச் செய்திகளை எழுதி அனுப்பி வந்தேன். பிறர் வீட்டுத் துயரத்தை நான்கு வரியில் எழுதிப் பழகியவன். என் வீட்டுக்கே வந்தபோது கை கால் ஓடவில்லை.

நாமக்கல்லில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக் கட்டைகளில் ஒன்று முன்பக்கம் நசுங்கி, ஆப்பு வடிவத்தில் இருந்தது. மற்றவையும் படத்தில் மங்கலாகத்தான் தெரிந்தன. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு உள்ளுக்குள்ளேயே மெலிந்துபோவது உண்டு, அதனால்தான் ஒரு வாளியைத் தூக்கியதற்கே நசுங்கியிருக்கிறது என்றார். "கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும். வலி அடங்கினதும் மெதுவா எழுப்பணும். சேலத்துல உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கிறாங்க, அங்க கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

முதல் வாக்கியம் மட்டுமே எங்கள் காதில் ஏறியது.

எங்கள் குடும்பத்தில் எந்தப் பெரிய காரியமும் பூக் கேட்காமல் நடப்பதில்லை. குலதெய்வமான அங்காளம்மனின் இரண்டு தோள்களிலும் பூ வைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு நிற்போம். வலது பக்கம் பூ விழுந்தால் சம்மதம். இடது பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று பொருள். கிணறு வெட்டியதும் மகனுக்குப் பெண் எடுத்ததும் அப்படித்தான். ஆட்டையாம்பட்டிக்கு அப்பால் உள்ள கோயிலுக்கு நான் தனியே போய் நின்றேன். "அவளை அசைக்காமல் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், சம்மதமா தாயே?" என்று கேட்டேன். வலது பக்கம் பூ விழுந்தது.

அவளைப் படுக்க வைத்தோம். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. முதல் சில வாரங்களில் வலி குறைந்தது உண்மை. பிறகு நின்ற வலியின் இடத்தில் வேறொன்று வந்தது. தொடைச் சதை கரைந்து தோல் தொங்கியது. தலையணையைச் சற்று உயர்த்தினாலே தலை சுற்றியது. மருமகள்தான் எல்லாம் செய்தாள், முகம் கோணாமல் செய்தாள். சரஸ்வதிக்கு அதுதான் தாங்கவில்லை. பொங்கலன்று வாசலில் பானை பொங்கும்போது எல்லோரும் கூவினோம். உள்ளே வந்து பார்த்தேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்குப் போனீங்கன்னா எனக்காக ஒண்ணு கேளுங்க" என்றாள். "என்னயச் சீக்கிரமா கூட்டிக்கச் சொல்லுங்க அவள."

மறுநாளே போனேன். பூசை செய்யும் பண்டாரம் வழக்கப்படி இரண்டு தோள்களிலும் பூ வைத்துவிட்டு, "கேளுங்க" என்றார். போன முறை நான் கேட்டது கேள்வியே அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. முடிவை நானே எடுத்துக்கொண்டு போய், அதற்கு அம்மனிடம் தலையாட்டச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நாள் படுக்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

"எனக்கு ஒன்றும் தெரியவில்லை தாயே. அவள் எழுந்து நிற்க வேண்டும். வழி காட்டு" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

பூ விழவில்லை. வலதுமில்லை, இடதுமில்லை. நடை சாத்தும் நேரம்வரை நின்றேன். பண்டாரத்துக்கே சங்கடமாகிவிட்டது. "இன்னொரு நாளைக்கு வாங்க, கவுண்டரே" என்றார். அன்றுபோல் கைவிடப்பட்டதாக நான் என்றும் உணர்ந்ததில்லை.

ராசிபுரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்காத்தா, போட்டோ புடிக்கவா உக்காந்திருக்கீங்க? நல்லாச் சாஞ்சு உக்காருங்க."

"கூனுனா முதுகு போயிருஞ் சாமி. நீ டிக்கெட்டக் குடு."

ஏன் என்று கேட்டேன். அவருக்கும் அதே நோய். வெண்ணந்தூரில் தறிக்காரர் வீடு. பாவு உருளையைத் தூக்கும்போது முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது. படுத்துக் கிடந்தவரைச் சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போது தனியாகப் பஸ் ஏறிப் பயிற்சிக்குப் போய்த் திரும்புகிறார். "கரண்டு வெப்பாங்க, ஊசி போடுவாங்கன்னு நெனச்சுப் போனனுங்க. செவுத்தோரமா நில்லுன்னாங்க! இதுக்கா பஸ்ஸுக்குச் செலவழிச்சு வந்தேன்னு அன்னைக்குக் கோவம். இன்னைக்கு என்ற சோத்த நானே ஆக்கித் திங்கறனுங்க."

வீட்டுக்கு ஓடிவந்து சரஸ்வதியிடம் சொன்னேன். அவள் அசையவில்லை.

"அம்மன் படுக்கச் சொல்லியிருக்குதுங்க. எந்திரிச்சாக் குத்தமாயிரும்."

"படுக்கச் சொல்லிக் கேட்டது நான் புள்ள. அன்னைக்கு எலும்பு சேரோணும், அதனால அம்மன் சரின்னா. காலம் பூராம் படுத்துக்கன்னா சொன்னா?"

"இன்னைக்குப் பூ உழுகலியே. வேண்டாமுன்னுதான அர்த்தம்?"

"வேண்டாமுன்னா இடப்பக்கம் உழுந்திருக்கும். அவ ஒண்ணுஞ் சொல்லல. பஸ்ஸுல அந்தம்மாள உக்கார வெச்சிருந்தா."

அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தம்மா பேரென்னங்க?"

பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"பேப்பருக்கு எழுதறவரு, பேரக் கேக்கத் தெரியிலீங்களா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. சிரித்ததில் முதுகு வலித்தது. வலியோடு, "சரி, காருக்குச் சொல்லுங்க" என்றாள்.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் புதிதாகப் படம் எடுத்துப் பார்த்து, நசுங்கிய எலும்பு ஆறிவிட்டது, இனிப் படுப்பதுதான் கெடுதல் என்றார். பயிற்சி கொடுத்த எஸ்தர் அம்மா முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "நசுங்கின எலும்பு பழையபடி ஆகாது. அதைத் தாங்கிப் பிடிக்கிற சதையைப் பலப்படுத்தலாம். எலும்புக்கும் வேலை கொடுத்தாத்தான் அது இருக்கிறதைக் காப்பாத்திக்கும். படுத்தே இருந்தா இன்னும் வேகமாத் தேயும்."

முதலில் படுத்தபடியே பின்தலையைத் தலையணையில் அழுத்தவும், தொடையை இறுக்கி விடவும் சொன்னார். எழும்போது இடுப்பை முறுக்காமல், கட்டை உருள்வதுபோல் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். பிறகு உட்காருதல். ஒரு வாரத்துக்குப் பிறகு நிற்க வைத்தார். சரஸ்வதியின் முழங்கால்கள் ஆடின. "என்ற காலு மாதிரியே இல்லீங்க" என்று அழுதபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். எஸ்தர் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவசரப்படுத்தவில்லை. அழுது முடிந்ததும், "இன்னொரு தடவை பார்ப்போமா?" என்றார். அந்த இன்னொரு தடவையில் நின்றாள்.

வீட்டில் தினமும் குதிகாலும் முதுகும் சுவரில் பட நின்றாள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து பழகினாள். வரப்பில் வேண்டாம், சமமான களத்தில் நட என்று சொல்லியிருந்ததால், களத்தைச் சுற்றி நடந்தாள். நான் பக்கத்திலேயே நடந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மாள் வேலிக்கு அந்தப்புறமிருந்து பார்த்துவிட்டு, "ஏஞ் சரசு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்றாள்.

"ஆமாங்க்கா, கெழவிங்களத்தான் எடுக்கறாங்களாம். உங்க பேரையுஞ் சொல்லியிருக்குது" என்றாள் இவள்.

குனிவது கூடாது, தரையிலிருந்து பாரம் தூக்குவது கூடாது என்பதுதான் கடினமாக இருந்தது. நம் பெண்களுக்குக் குனியாத வேலை எது? விளக்குமாற்றை நீளக் கம்பில் கட்டினோம். அடுப்பை மேடையில் ஏற்றினோம். கோலத்தை மருமகளிடம் விட்டாள். கழனித்தண்ணீர் வாளி என் கைக்கு வந்தது. அதன் கனம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து வந்த ஆடியில் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கிச் சரஸ்வதி தானே நடந்து வந்தாள். சற்றுக் குள்ளமாகியிருந்தாள், ஆனால் நேராக நடந்தாள். தீபாராதனை ஆனதும் பெண்கள் எல்லோரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். இவள் மட்டும் நின்றாள். எங்கள் பங்காளி வீட்டுப் பெரியம்மா சும்மா விடுவாரா?

"உசுரக் குடுத்த சாமிக்கு உழுந்து கும்புடக்கூட ஒடம்பு வளையலியாடி?"

சரஸ்வதி கூப்பிய கையை இறக்கவில்லை. "உழுந்து கெடந்தவளத்தானுங்க அவ எந்திரிக்க வெச்சா. நின்னே கும்புட்டுக்கறனுங்க" என்றாள்.

பண்டாரம் திருநீற்றுத் தட்டை அவள் நெஞ்சு உயரத்துக்கு ஏந்திப் பிடித்தார்.

இது 1986. சில நாட்களில் வலி இருக்கிறது. பயிற்சியை அவள் விடவில்லை. நானும் பூக் கேட்பதை விடவில்லை. ஆனால் என் முடிவைக் கொண்டுபோய்க் கேட்பதை விட்டுவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் தாயோ மனைவியோ இப்படிப் படுத்திருக்கலாம். படுக்கையிலேயே காப்பாற்று என்று வேண்டாதீர்கள். எழுப்பு என்று வேண்டுங்கள். டாக்டர் சொல்வதைக் கடைசி வாக்கியம்வரை கேளுங்கள். கோயிலில் பதில் கிடைக்காமல் திரும்பும் நாளிலும் மனம் உடைய வேண்டாம். வழியில் பக்கத்தில் வந்து உட்காருகிறவரிடம் பேசிப் பாருங்கள். நான் விட்டதை நீங்கள் விட்டுவிடாமல், அவர் பெயரையும் கேட்டு வாருங்கள். நன்றி சொல்லும்போது அம்மனின் பெயரோடு சேர்த்துச் சொல்ல அது வேண்டும்.